பாட்டு அறுந்ததா?

கிட்டே வாருங்கள் என் தங்கங்களா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இன்றைக்கு ஓர் அழுகையின் கதை சொல்லப்போகிறேன். முகத்தைச் சுருக்காதீர்கள், இதில் யாரும் சாகவில்லை. ஒருத்தி ஒரே மூச்சில் அழுத அழுகை அது. கேட்டவர்கள் இன்னும் அதைப் பேசி முடித்தபாடில்லை. சொல்லி முடித்ததும் நீங்களும் உங்கள் மூச்சை ஒரு தடவை இழுத்துப் பிடித்துப் பார்ப்பீர்கள். பார்க்காவிட்டால் என்னை வந்து கேளுங்கள்.

பாறையில் இசைக் கல்வெட்டு இருக்கிற குடுமியான்மலைக்குப் பக்கத்தில் ஓர் ஊர். அங்கே மைதானத்தில் நின்று கைதட்டினால் மலையிலிருந்தும் ஒரு கைதட்டல் திரும்பி வரும். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போன மாசியில் அம்மன் திருவிழாவுக்கு அந்த ஊர்க்காரர்கள் பெண்கள் கபடிப் போட்டி வைத்தார்கள். கடைசி ஆட்டம் சாயங்காலம் நாலு மணிக்கு. நடுவர் கலைமதி.

கலைமதி பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். நாற்பது வயது. ஒன்பது வருஷமாக மாவட்டத்துக்குள் நடக்கிற ஆட்டங்களுக்கு விசில் ஊதிக்கொண்டிருந்தாள். மாநில நடுவர் பட்டியலில் பேர் ஏறவேண்டும், நெஞ்சில் அந்த பேட்ஜைக் குத்திக்கொள்ள வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அன்றைக்குக் கபடிச் சங்கத்திலிருந்து அடைக்கலம் என்கிற பெரியவர் வந்து முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு ஃபைல். ஃபைலுக்குள் அவளைப் பற்றி எழுதவேண்டிய தாள்.

"சலசலப்பு இல்லாம முடிச்சுக் குடுத்துருங்க டீச்சர். அதுதான் நல்ல நடுவருக்கு அழகு. நான் போற வழியிலேயே கையெழுத்துப் போட்டுருவேன்" என்றார்.

கலைமதி தலையாட்டிவிட்டு விசிலை வாயில் வைத்துக்கொண்டாள். அவளுக்கென்று ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆட்டம் தொடங்கினால் முடிகிறவரை விசில் பல்லிடுக்கில்தான் இருக்கும். மற்றவர்கள் கையில் வைத்திருப்பார்கள், கயிற்றில் தொங்கவிடுவார்கள். இவள் விடமாட்டாள். விசில் இருக்கிற வாய் வேறொன்றும் பேசாது என்பாள்.

ஒரு பக்கம் டவுன் காலேஜ் அணி. சிவப்பு பனியன், முட்டிக்கு உறை, ஒரே மாதிரி ஷூ. அவர்களுக்கு இலக்கியா கேப்டன், வசந்தகுமார் கோச். இன்னொரு பக்கம் அந்த ஊர்ப் பெண்கள். அத்தனை பேரும் கல்யாணமானவர்கள். நூறுநாள் வேலை முடிந்து மண்வெட்டியை வரப்பில் சாத்திவிட்டு ஆடிப் பழகியவர்கள். உரக்கடைக்காரர் வாங்கிக்கொடுத்த நீல பனியனில் முன்பக்கம் அம்மன் பேர், பின்பக்கம் யூரியா மூட்டைப் படம்.

ஆட்டம் தொடங்கும்போதே காலேஜ் பெண் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, அடுப்புல பாலை வச்சுட்டு வந்துட்டீங்களா? அவசரப்படுறீங்க!"

"ஆமாந்தாயி. பொங்குறதுக்குள்ள ஒங்கள முடிச்சுட்டுப் போயிரலாம்னுதான்" என்றாள் செல்வராணி.

இந்தச் செல்வராணிதான் நம் கதைக்குக் காரணம். முப்பது வயது, ரெண்டு பிள்ளை, புருஷன் சார்ஜாவில். ஒடிசலான உடம்பு. ஆனால் நாற்று நடும்போது குலவை போட்டால் நாலு வயல் தள்ளி இருப்பவர்களும் நிமிர்ந்து பார்ப்பார்கள். அவ்வளவு நீள மூச்சு. சார்ஜாவில் இருக்கிற தன் அண்ணனுக்கு அனுப்புவதற்காக அவளுடைய நாத்தனார் பிரகதாம்பாள் கோட்டோரத்தில் குந்தி, ஆட்டம் முழுவதையும் செல்லில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

கடைசி நிமிஷம். காலேஜ் முப்பத்தொன்று, ஊர் இருபத்தொன்பது. பாடிப் போகவேண்டியவள் செல்வராணி. நம் பக்கம் இதைப் பாட்டு என்றுதானே சொல்கிறோம்? கபடி கபடி என்று ஒரே மூச்சில் பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய், ஆளைத் தொட்டுவிட்டு, பாட்டு அறுவதற்குள் நடுக்கோட்டுக்குத் திரும்பவேண்டும். நடுவில் மூச்சு வாங்கினாலோ, கபடியைத் தவிர ஒரு வார்த்தை வாயில் வந்தாலோ பாட்டு அறுந்தது, ஆள் அவுட்.

மைக்கில் உதயசூரியன் முழங்கினான்: "இதோ பாடி வருகிறார் ரெண்டு குழந்தைக்குத் தாய், பதினாலு பாத்திக்கு ராணி!"

செல்வராணி உள்ளே போனாள். நடுக்கோட்டுக்கு அப்பால் இருந்த குறுக்குக் கோட்டையும் தாண்டினாள். எதிரே ஐந்து பேர். தொட ஆள் கிடைக்கவில்லை. திரும்புவதற்குள் இலக்கியாவும் இன்னொருத்தியும் வழியை அடைத்துவிட்டார்கள். ஒரு பக்கம் சாய்ந்தாள், கால் வழுக்கியது, தடாலென்று விழுந்தாள். நடுக்கோட்டுக்கு இன்னும் ஒன்றரை ஆள் நீளம் இருந்தது.

அப்போதுதான் அந்த அழுகை வந்தது.

எப்படிச் சொல்வேன்! வலியில் கத்துகிற கத்தல் இல்லை அது. அடிவயிற்றிலிருந்து எழும்பி, மேலே போய் ஓர் இடத்தில் நடுங்கி நின்று, பிறகு இழை இழையாக இறங்குகிற ஒப்பாரி. மண்ணில் மண்டியிட்டு, ரெண்டு கையையும் நெஞ்சில் அறைந்துகொண்டு, தலையை ஆட்டி ஆட்டி அழுதாள். உதயசூரியன் மைக்கைப் பிடித்தபடியே நின்றுவிட்டான். ஐஸ் வண்டிக்காரன் மணியை நிறுத்தினான்.

நம் ஊர்ப் பெண்களுக்குச் சொல்லியா தரவேண்டும்? ஒருத்தி நெஞ்சில் அடித்து ராகம் இழுத்தால் இன்னொருத்தியால் சும்மா நிற்கமுடியுமா? யார் என்ன என்று கேட்பதற்கு முன்னால் கால் நடக்கும், கை தோளைப் பிடிக்கும், நெற்றியோடு நெற்றி சாய்ந்துவிடும். தெரியாத ஊர்ச் சாவுக்குப் போனாலும் அப்படித்தான். காலேஜில் படித்தால் மட்டும் கை மறந்துவிடுமா? இலக்கியா முதலில் குனிந்தாள். தோளில் கை வைத்தாள். இன்னொருத்தி முதுகைத் தடவினாள். மூன்றாமவள் மண்டியிட்டுக் கட்டிக்கொண்டாள்.

அந்தக் கட்டுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. செல்வராணி உடும்புபோல வயிற்றால் வழுக்கி, நடுக்கோட்டைத் தாண்டி விரலை ஊன்றினாள். ஊன்றிவிட்டு, "கபடி!" என்றாள். அதற்கப்புறம்தான் மூச்சே வாங்கினாள்.

கலைமதி விசில் ஊத உதட்டைக் குவித்தாள். வெறும் காற்றுதான் வந்தது. விசில் வாயில் இல்லை. கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அவசரமாக எடுத்து ஊதினாள்.

பிறகு கேட்கவேண்டுமா? மைதானம் கொதித்துவிட்டது.

வசந்தகுமார் கோட்டுக்குள்ளேயே ஓடிவந்தான். "என்ன டீச்சர் இது? இழவு வீட்டு அழுகையை அழுது ஏமாத்துறாங்க! இது கபடியா, கூத்தா?"

"கூத்துன்னா நீங்களும் ஆடுங்களேன்! அழுகத் தெரியாட்டி சொல்லுங்க, கத்துத் தாரோம்" என்று ஊர்ப் பெண்களில் ஒருத்தி கைகொட்டினாள்.

மேற்கு ஓரத்தில் நின்ற அம்பயர் பழனிச்சாமி விரலை உயர்த்தியிருந்தார். "பாட்டு அறுந்துருச்சு டீச்சர். 'ஆத்தா'ன்னு கத்துனாங்க. என் காதால கேட்டேன்."

கிழக்கு ஓரத்து அம்பயர் தலையை ஆட்டினார். "எனக்குப் பாட்டுத்தான் கேட்டுச்சு. விடாம கேட்டுச்சு."

ரெண்டு அம்பயரும் ரெண்டு பேச்சு பேசினால் நடுவர் சொல்வதுதான் முடிவு. கலைமதி இலக்கியாவைக் கூப்பிட்டாள். "நீதான் பக்கத்துல இருந்தே. என்ன கேட்டுச்சு?"

"'ஆத்தா'ன்னு கேட்டுச்சு மேடம். நல்லாவே கேட்டுச்சு."

செல்வராணி முழங்கையில் ரத்தம் வடிய நின்றாள். "நான் சொல்லலைங்க டீச்சரு. கபடியத் தவிர வேற ஒண்ணும் சொல்லலை. மாரியாத்தா மேல சத்தியமா சொல்லலை."

"இப்பக்கூட ஆத்தா வருது பாருங்க!" என்று கூட்டத்தில் ஒருவன் சொல்ல, சிரிப்பு வெடித்தது.

அடைக்கலம் நாற்காலியிலிருந்தபடியே கையசைத்தார். கலைமதி பக்கத்தில் போனதும் குரலைத் தாழ்த்தினார். "அம்பயரு ஒருத்தரு, ஆடுன புள்ளை ஒண்ணு, ரெண்டு பேரும் கேட்டதா சொல்றாக. அவுட்டுன்னு ஊதிட்டு முடிங்க. ஒருத்தரும் ஒங்களக் குத்தம் சொல்ல மாட்டாக."

கலைமதிக்கும் அந்த வார்த்தை கேட்டிருந்தது. 'ஆத்தா' என்று ஒரு பெண் குரல், மிகக் கிட்டத்தில். ஆனால் செல்வராணியின் வாயிலிருந்தா அது வந்தது? நினைத்துப் பார்த்தால் அழுகை மட்டும்தான் ஞாபகம் வந்தது. அந்த அழுகை வந்த நேரத்தில் தான் நடுவர் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

அப்போது பிரகதாம்பாள் செல்லைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "எல்லாம் இதுல இருக்குங்க! எங்க அண்ணனுக்கு அனுப்பப் புடிச்சேன். போட்டுக் கேளுங்க!"

உதயசூரியன் செல்லை மைக்கின் வாயருகே வைத்தான். மைதானம் அடங்கியது.

முதல் தடவை அழுகைதான் கேட்டது. கேட்டவர்கள் மறுபடியும் நெஞ்சில் கைவைத்தார்கள்.

"இன்னொரு தடவை" என்றாள் கலைமதி. கண்ணை மூடிக்கொண்டாள்.

ராகத்தை விட்டுவிட்டு, ராகத்துக்குள் என்ன சொல் இருக்கிறது என்று தேடினாள். இருந்தது, தங்கங்களா, இருந்தது! 'க' என்று அடிவயிற்றில் தொடங்கி, 'ப' என்று மேலே ஏறி நடுங்கி, 'டீ' என்று இழைந்து இறங்கியது. நாம் மாரடிப்பு என்று நினைத்த ஒவ்வோர் அடிக்கும் ஒரு கபடி. விம்மல் என்று நினைத்ததெல்லாம் கபடி. 'என்னைப் பெத்த' என்று காதில் விழுந்த இடத்தில் ரெண்டு கபடி. நடுவில் மூச்சு இழுத்த சத்தமே இல்லை. ஓடி, திரும்பி, விழுந்து, அழுது, நகர்ந்து, ஒரே மூச்சு. இருபத்தெட்டு நொடி.

ஆனால் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால், தெளிவாக, அந்த வார்த்தையும் இருந்தது. 'ஆத்தா!'

"பாத்தீங்களா!" என்று குதித்தான் வசந்தகுமார்.

"இன்னொரு தடவை."

மூன்றாவது தடவையில்தான் அது பிடிபட்டது. 'ஆத்தா' என்ற சொல்லுக்கு அடியில், அதே நேரத்தில், மெல்லியதாகக் கபடி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தொண்டையால் ஒரே சமயத்தில் ரெண்டு சொல் சொல்லமுடியுமா?

பழனிச்சாமிக்கும் அது கேட்டது. அவர் நேர்மையான மனிதர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது மலையோட எதிரொலி டீச்சர். முன்னாடி சொன்ன கபடி மலைக்குப் போயித் திரும்பி வருது. வாயில வந்தது ஆத்தாதான்" என்றார். சொல்லிவிட்டுக் கைதட்டிக் காட்டினார். மலையும் தட்டியது. கூட்டம் ஆமாம் என்றது.

அடைக்கலம் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

கலைமதி ஊதுவதற்காக விசிலைக் கையில் எடுத்தாள். வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நின்றாள்.

ஒன்பது வருஷமாக ஆட்டத்தின் நடுவில் ஒருநாளும் கீழே விழாத விசில். இன்றைக்கு எப்படி விழுந்தது? வாய் திறந்தால்தானே விழும்? வாய் எதற்காகத் திறந்தது?

ஒப்பாரி வைக்கிறவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவள் முதலில் சொல்கிற சொல் என்ன? இறந்தது கிழவரோ குழந்தையோ, 'ஆத்தா' என்று அழுபவளைக் கூப்பிட்டுக்கொண்டுதானே கட்டிக்கொள்வோம்? கலைமதி பொன்னமராவதிப் பக்கத்தில் பிறந்தவள். எத்தனை வாசலில் அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பாள்! அன்றைக்கும் கால் ரெண்டடி முன்னால் போயிருந்தது. பார்த்தாள்: அவள் நின்றிருந்த இடத்தில் எல்லைக்கோட்டின் சுண்ணாம்பு அவள் ஷூத் தடத்தில் அழிந்து கிடந்தது.

யாருக்கும் தெரியாது. செல்லில் முகம் இல்லை, குரல்தான் இருக்கிறது. மலைமேல் பழியைப் போட்டுவிட்டு ஊதினால் பேட்ஜ் நெஞ்சில் ஏறிவிடும். அவள் செல்வராணியைப் பார்த்தாள். செல்வராணி அவளைப் பார்க்கவில்லை. குனிந்து முழங்கை மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள், ஆனது ஆகட்டும் என்பதுபோல.

கலைமதி விசிலைக் கழுத்திலிருந்து கழற்றினாள். நேரே உதயசூரியனிடம் போய் மைக்கை வாங்கினாள்.

"அந்த 'ஆத்தா' இவங்க சொன்னது இல்லை. நான் சொன்னது."

அவள் மைக்கைக் கீழே வைக்கவில்லை.

"நடுவர் ஆட்டத்துக்குள்ள வாய் தெறக்கக் கூடாது. தெறந்துட்டேன். அழுகையைக் கேட்டு நானும் கட்டிக்கப் போயிட்டேன். விசில் கீழ விழுந்துருச்சு. கோட்டை மிதிச்ச தடம்கூட அந்தா கெடக்கு." அதே வார்த்தையை மைக்கில் மறுபடி சொன்னாள்: "ஆத்தா!"

மலை திருப்பிச் சொன்னது. செல்லில் கேட்ட அதே குரல். பழனிச்சாமி மெதுவாகக் கையைக் கீழே போட்டார்.

வசந்தகுமார் விடவில்லை. "அப்ப ஒங்க சத்தத்தைக் கேட்டுத்தான் எங்க புள்ளைங்க ஏமாந்துருக்கு! திருப்பி ஆடணும்!"

நியாயமான கேள்விதான். கலைமதியும் அப்படித்தான் நினைத்தாள். இலக்கியாவைப் பார்த்தாள். "நீ கை வச்சது நான் கத்துனதுக்கு அப்புறமா, முன்னாடியா? யோசிச்சுச் சொல்லு."

இலக்கியா கோச்சைப் பார்த்தாள். பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"முன்னாடி மேடம். நாங்க மூணு பேரும் தொட்டப்புறம்தான் ஒங்க சத்தம் கேட்டுச்சு. அப்பவே எங்க கையில அவங்க தோளு குலுங்கிட்டு இருந்துச்சு."

"இலக்கியா!" என்றான் வசந்தகுமார்.

"நெசம் அதுதான் சார்."

கலைமதி விசிலை மறுபடி மாட்டிக்கொண்டாள். "அழக் கூடாதுன்னு ரூல் புக்குல எங்கயும் இல்லை. பாட்டு அறக் கூடாதுன்னுதான் இருக்கு. பாட்டு அறலை. தொட்ட மூணு பேரும் அவுட். மூணு பாயிண்டு." மூன்று விரலைத் தூக்கி நீளமாக ஊதினாள். முப்பத்திரண்டுக்கு முப்பத்தொன்று.

அதற்கப்புறம் எழுந்த குலவையை நான் எப்படி உங்கள் காதில் போடுவேன்! உதயசூரியனுக்கு அப்போதுதான் தன் தொழில் ஞாபகம் வந்தது. "கல்லிலே பாட்டு வெட்டிய மலைக்குப் பக்கத்திலே, இன்றைக்கு ஒரு தாய் புழுதியிலே பாட்டு வெட்டியிருக்கிறார்!" என்று கத்தினான். எப்போதும் மிகையாகப் பேசுகிறவன். அன்றைக்கு மட்டும் அது குறைவாகவே பட்டது.

அடைக்கலம் பேனாவை மூடிவிட்டு எழுந்தார். ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "நடுவரு வாய் தெறந்துட்டாகன்னு எழுதாம விட முடியாது டீச்சர். இந்த வருசம் இல்லை."

"எழுதுங்க சார். நடந்ததைத்தானே எழுதுறீங்க."

அவர் நாலடி போனார். நின்றார். திரும்பிவந்து பிரகதாம்பாளிடம் தணிந்த குரலில், "அந்த வீடியோவை எனக்கும் அனுப்பிவிடு தாயி" என்று நம்பரைச் சொன்னார்.

கூட்டம் கலைந்தபின் கலைமதி செல்வராணியிடம் போனாள். சோடா பாட்டிலோடு மண்ணில் உட்கார்ந்திருந்தாள் அவள். சுற்றிலும் நீல பனியனும் சிவப்பு பனியனுமாகப் பெண்கள் கலந்து கிடந்தார்கள்.

"ஒரு விஷயம் மட்டும் சொல்லு. திட்டம் போட்டுத்தான் அழுதியா?"

செல்வராணி வெட்கப்பட்டாள். "திட்டமெல்லாம் ஏதுங்க டீச்சரு. நெசமாவே விழுந்துட்டேன். அம்புட்டுத்தான், தோத்துட்டோம்னு நெனச்சதும் அழுகை முட்டிக்கிட்டு வந்துருச்சு. பாட்டையும் விட்ரக் கூடாது, அழுகையும் நிக்க மாட்டேங்குது. என்ன செய்ய? பாட்டையே அழுதுட்டேன்."

"அப்ப பொய் அழுகை இல்லையா?"

"மொதல்ல நெசம்தான். இந்தப் புள்ள வந்து தோளைத் தொட்டுச்சு பாருங்க, அதுக்கப்புறம் பொய்யி."

எல்லாரும் சிரித்தார்கள். இலக்கியாதான் அதிகம் சிரித்தாள். "அக்கா, இன்னொரு தடவை அழுதுகாட்டுங்க. இப்பத்தான் தெரிஞ்சுபோச்சே, இனிமே நாங்க அசைய மாட்டோம். பந்தயம்!"

செல்வராணி சோடாவைக் கீழே வைத்தாள். மூச்சை இழுத்தாள். நெஞ்சில் கை போட்டாள்.

'க' என்று அது எழும்பி, 'ப' என்று மேலே போய் நடுங்குவதற்குள், இலக்கியாவின் கை அவள் தோளில் இருந்தது. எப்போது போனதென்று இலக்கியாவுக்கே தெரியவில்லை. தன் கையைத் தானே அதிசயமாகப் பார்த்தாள். மற்றப் பிள்ளைகளும் அப்படியே, ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து கிடந்தார்கள். கலைமதி மட்டும் விசிலைப் பல்லால் இறுகக் கடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அதனால் அவள் வாய் பேசவில்லை. கண்ணுக்குத்தான் விசில் கிடையாதே.

சரி, எழுந்திருங்கள் என் தங்கங்களா. உங்கள் வீட்டில் கேட்கிற அழுகையெல்லாம் விளையாட்டு அழுகையாகவே இருக்கட்டும். என்றைக்காவது நிஜம் வந்தாலும், யார் என்ன என்று கேட்காமல் தோளைப் பிடிக்கிற கைகள் உங்கள் வாசலில் நிறைந்திருக்கட்டும். உங்கள் பிள்ளைகளுக்கு நீள மூச்சும், உண்மை சொல்கிற வாயும் வாய்க்கட்டும். அடுப்பில் பால் எப்போதும் பொங்கட்டும். நல்லா இருங்கள்.